பிளேடு அனிமே (2011): எது காமிக்ஸ், எது சினிமா, எது ஜப்பான்? பார்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி இதுதான்: வெஸ்லி ஸ்னைப்ஸ் நடித்த மூன்று படங்களையும் பார்த்தாயிற்று, காமிக்ஸ் படித்ததில்லை. மார்வெலின் காட்டேரி வேட்டைக்காரன் பிளேடை வைத்து ஜப்பானில் செய்த அனிமேஷன் தொடர், அதாவது 2011இல் வந்த பிளேடு அனிமேயைத் தொடங்கியதும் "இது எந்த பிளேடு?" என்று குழப்பம் வருகிறது. பாதிக் காட்சிகள் இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. சண்டைக்கு நடுவே படம் உறைந்து நிற்கிறது. ஜப்பானிய ஒலியில் பார்ப்பதா, ஆங்கிலத்திலா? மேற்கொண்டு பார்க்கலாமா, விட்டுவிடலாமா?

பாருங்கள், விட வேண்டாம். குழப்பத்துக்குக் காரணம், இந்தத் தொடரின் பிளேடு மூன்று இடங்களிலிருந்து வந்தவன். உடம்பும் வாளும் 1998 படத்திலிருந்து வந்தவை. பகையும் பிறப்பும் 1973 காமிக்ஸிலிருந்து வந்தவை. குரு, பயிற்சி, வாள் நெறி எல்லாம் ஜப்பானிய வாள்வீரர் கதை மரபு. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்த 12 எபிசோடுகளும் வேறு மாதிரி தெரியும்.

காமிக்ஸிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கக் காமிக்ஸில் ரத்தக்காட்டேரிகளையே வரையக்கூடாது என்று 1954இல் தணிக்கை விதி வந்தது. 1971இல் அதைத் தளர்த்தி, டிராகுலா போன்ற பழைய இலக்கிய மரபை ஒட்டிக் கையாண்டால் சரி என்றார்கள். அந்தக் கதவு திறந்ததும் மார்வெல் 1972 ஏப்ரலில் 'டூம் ஆஃப் டிராகுலா' இதழைத் தொடங்கியது. 1979 வரை 70 இதழ்கள் வந்தன. அதன் 10ஆவது இதழில், 1973 ஜூலையில், எழுத்தாளர் மார்வ் வுல்ஃப்மனும் ஓவியர் ஜீன் கோலனும் பிளேடை அறிமுகப்படுத்தினார்கள்.

அந்த பிளேடைப் பார்த்தால் அடையாளமே தெரியாது. தோல் சட்டை, பச்சைக் கண்ணாடி, மார்பின் குறுக்கே வாரில் வரிசையாகச் செருகிய கத்திகள். அந்தக் கத்திகள் தேக்கு மரத்தில் செய்தவை. காட்டேரியின் நெஞ்சில் மர முளை அறைவது பழைய நம்பிக்கை. அந்த முளையையே எறியக்கூடிய கத்தியாக்கிவிட்டார்கள். நீண்ட வாள் பிளேடின் அடையாளமானது படம் வந்த பிறகுதான். இன்னும் முக்கியம், அவன் அப்போது முழு மனிதன். பலமும் மனிதப் பலம்தான். அவன் தாய் பிரசவ வலியில் கிடக்கும்போது, மருத்துவர் வேடத்தில் வந்த டீக்கன் ஃப்ராஸ்ட் என்ற காட்டேரி அவளைக் கடித்துக் கொன்றான். அந்த நேரத்தில் குழந்தையின் ரத்தத்தில் கலந்ததுதான் பிளேடுக்குக் கிடைத்த ஒரே கொடை: காட்டேரி கடித்தால் அவன் காட்டேரியாக மாட்டான், காட்டேரிகளின் மயக்குப் பார்வையும் அவனிடம் பலிக்காது. இது லண்டனில் நடக்கும் கதை. அவனுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தவர் ஜமால் அஃபாரி என்ற ஜாஸ் இசைக்கலைஞர்.

1998இல் ஸ்டீஃபன் நாரிங்டன் இயக்க, டேவிட் கோயர் எழுதிய படம் இதைத் தலைகீழாக்கியது. பிளேடு பாதி மனிதன், பாதி காட்டேரி ஆனான். காட்டேரியின் பலம் அத்தனையும் உண்டு, வெயில் சுடாது, ரத்தப் பசி மட்டும் விடாது. களம் அமெரிக்காவுக்கு மாறியது. முதிய ஜெர்மானிய விஞ்ஞானியாக, நரைத்த தாடியோடு இருந்த ஃப்ராஸ்ட், படத்தில் இளைஞனாகி, பிறவிக் காட்டேரிகளின் சபையைக் கவிழ்க்கத் துடிக்கும் கலகக்காரன் ஆனான். படம் ஓடிய ஓட்டத்தில் காமிக்ஸும் வழிக்கு வந்தது. 1999இல் வந்த ஒரு ஸ்பைடர்மேன் இதழில், மோர்பியஸ் என்ற இன்னொரு மார்வெல் காட்டேரி பிளேடைக் கடித்து, பகலில் நடமாடும் காட்டேரிப் பலத்தைக் கொடுக்கிறான். இன்று எல்லோருக்கும் தெரிந்த பிளேடு படத்தால் திருத்தப்பட்ட பிளேடுதான்.

அனிமே இந்த இரண்டையும் எப்படிக் கலந்தது என்பதைப் பார்க்க ஃப்ராஸ்டை கவனித்தால் போதும். பிறவிக் காட்டேரிகளின் மேல்சபைக்கு எதிராக 'எக்ஸிஸ்டென்ஸ்' என்ற அமைப்பை நடத்துபவன் என்பது படத்தின் எலும்பு. ஆனால் ஆள் வயது முதிர்ந்தவன், ஆராய்ச்சி மனம் கொண்டவன், பிளேடின் தாயைக் கடித்தவன். இது காமிக்ஸின் சதை. இரண்டு கோரைப்பல்லுக்குப் பதில் நான்கு என்பது அனிமேயின் சொந்தச் சேர்க்கை. கடித்த தழும்பில் நான்கு துளை இருந்தால் அது ஃப்ராஸ்டின் வேலை என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். துப்பறியும் கதைக்குத் தேவையான தடயத்தை உடம்பிலேயே வைத்துவிட்டார்கள். எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் இது ஒன்று.

படங்களில் வரும் விஸ்லர் தாத்தாவை இங்கே தேடாதீர்கள். அவர் திரைக்காக உருவான பாத்திரம். அனிமேயில் வழிகாட்டியின் இடம் நோவா வான் ஹெல்சிங்குக்கு. அந்தக் குடும்பப் பெயரும் காமிக்ஸ் பக்கம் கை காட்டுவதுதான். 'டூம் ஆஃப் டிராகுலா'வில் குறுக்குவில்லோடு வரும் ரேச்சல் வான் ஹெல்சிங் முக்கியமான வேட்டைக்காரி. மகோட்டோ என்ற பெண் அனிமேக்கென்று எழுதப்பட்டவள். பிளேடை முதலில் பகையாகப் பார்த்து, பிறகு துணைக்கு வருகிறாள். பார்க்கிறவர்களுக்கு மனித அளவிலான ஒரு கண் வேண்டுமே, அது அவளுடையது.

மூன்றாவது அடுக்கை வெளியாட்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். பிளேடுக்கு வாள் கற்றுக்கொடுத்தவர் தன்பா யாக்யூ. யாக்யூ என்ற குடும்பப் பெயர் ஜப்பானியப் பார்வையாளருக்குச் சும்மா ஒரு பெயர் இல்லை. அன்று ஜப்பானை ஆண்ட தொகுகவா ஷோகன்களுக்கு வாள் ஆசிரியராக இருந்த யாக்யூ முனேனோரி (1571–1646) வரலாற்று மனிதர். அவர் குடும்பத்து வாள் பள்ளியான யாக்யூ ஷின்ககே இன்றும் இருக்கிறது. அந்தப் பள்ளியின் எழுத்துகளில் ஓயாமல் பேசப்படும் கேள்வி ஒன்று உண்டு: வாள் கொல்வதற்கா, வாழ வைப்பதற்கா? ஒரு தீயவனைக் கொல்வதால் பத்தாயிரம் பேர் வாழ்வார்களானால் அந்த வாள் உயிர் கொடுக்கும் வாள் என்பது அவர்கள் வாதம். தாய்க்காகப் பழிவாங்கப் புறப்பட்டவன் கையில் யாக்யூ வாளைக் கொடுத்ததன் பொருள் இதுதான். தொடர் முழுக்க அவனிடம் கேட்கப்படுவது, உன் வாள் இந்த இரண்டில் எது என்பதே. அமெரிக்கப் படத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. அங்கே வாள் ஒரு ஆயுதம், அவ்வளவுதான்.

எழுத்து கென்டா ஃபுகாசாகு, 'பேட்டில் ராயல்' படத்தின் திரைக்கதை எழுதியவர். இயக்கம் மிட்சுயுகி மசுஹாரா. இவர் இதற்கு முன் ஒரு பூனைக்குட்டியைப் பற்றிய மென்மையான தொடரை இயக்கியவர், இதற்கு அடுத்து பனிக்கரடி நடத்தும் காப்பிக்கடையைப் பற்றி ஒன்றை இயக்கினார். அதனால்தானோ என்னவோ, அமைதியான காட்சிகளில் தொடர் நன்றாக மூச்சு விடுகிறது.

எங்கே சறுக்குகிறது, ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது தனித் தொடர் கிடையாது. மார்வெலோடு சேர்ந்து மேட்ஹவுஸ் ஸ்டுடியோ செய்த நான்கில் கடைசி. அயர்ன் மேன் 2010 அக்டோபரில் தொடங்கியது. வுல்வரின் 2011 ஜனவரி, எக்ஸ்மென் ஏப்ரல், பிளேடு ஜூலை 1. ஒவ்வொன்றும் 12 எபிசோடு, ஜப்பானில் அனிமேக்ஸ் சேனலில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ஓராண்டுக்குள் 48 எபிசோடு. அதே 2011இல் நிப்பான் டிவி மேட்ஹவுஸைத் தன் துணை நிறுவனமாக்கியது. நிறுவனர்களில் ஒருவரான மாசாவோ மருயாமா விலகி மாப்பா ஸ்டுடியோவைத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். இப்படிப்பட்ட ஒரு வருடத்தில் வரிசையின் கடைசித் தொடராக வருவது எளிதான இடம் இல்லை.

உறைந்து நிற்கும் சண்டைக்கு வருவோம். நொடிக்கு 24 பிரேம் ஓடினாலும், டிவி அனிமேயில் ஒவ்வொரு பிரேமுக்கும் புதுப் படம் வரைவதில்லை. ஒரே படத்தை இரண்டு அல்லது மூன்று பிரேம் நிறுத்துவார்கள். நொடிக்கு 12 அல்லது 8 படம்தான் வரும். வரையும் ஆட்களும் நாட்களும் குறைந்தால், வாள் வீச்சின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் வரைந்து, நடுவில் ஒரு ஒளிக்கீற்று, வேகக் கோடுகள், பிறகு ஒரு நிலைப்படம். உறையிலிருந்து உருவிய வீச்சிலேயே வெட்டி முடிக்கும் ஜப்பானிய வாள் மரபுக்கு இது பொருந்தும். அங்கே வெட்டு கண்ணுக்குத் தெரியக்கூடாது, வெட்டிய பிறகு வரும் அசைவின்மைதான் தெரிய வேண்டும். ஆக, ஒற்றைக்கு ஒற்றை வாள் சண்டையில் நிலைப்படம் வந்தால் அது பாணி. கூட்டமாகக் காட்டேரிகள் பாய்ந்து வரும் காட்சியில் வந்தால் அது சிக்கனம். நடுவே வரும் சில எபிசோடுகளில் இந்த இரண்டாவது வகை அதிகம்தான், மறைப்பதற்கில்லை.

அதே நடுப்பகுதியில்தான் தொடரின் சிறந்த யோசனையும் இருக்கிறது. கதை ஜப்பானில் தொடங்கித் தென்கிழக்கு ஆசியாவுக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு ஊரிலும் கருப்பு அங்கி போட்ட ஐரோப்பியக் காட்டேரியே வந்தால் அலுத்துப்போகும். இங்கே அந்தந்த மண்ணின் பேய்களைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். பிலிப்பைன்ஸின் மனனங்கல் அதில் முக்கியமானது. விசயாஸ் பகுதியில், குறிப்பாகக் காபிஸ் மாகாணத்தோடு சேர்த்துப் பேசப்படும் பேய் அது. பகலில் சாதாரணப் பெண். இரவில் இடுப்போடு இரண்டாகப் பிரிந்து, கீழ்ப்பாதியை மறைவிடத்தில் நிற்க வைத்துவிட்டு, மேற்பாதி வௌவால் சிறகோடு பறக்கும். கூரையில் இறங்கி, நூல் போல் நீளும் நாக்கைக் கீழே விட்டு, உறங்கும் கர்ப்பிணியின் வயிற்றுச் சிசுவை உறிஞ்சும். கொல்லும் வழியும் மர முளை இல்லை. நிற்கும் கீழ்ப்பாதியைக் கண்டுபிடித்து, வெட்டுவாயில் உப்போ சாம்பலோ பூண்டோ பூசிவிட்டால் மேற்பாதி திரும்ப ஒட்ட முடியாது, விடிந்ததும் செத்துவிடும்.

இதை பிளேடோடு சேர்த்து யோசியுங்கள். பிரசவத்தில் தாயைக் காட்டேரி கடித்ததால் பிறந்தவன் அவன். பிரசவத்துக்கும் சிசுவுக்கும் எதிரான பேய் அவன் வழியில் வருகிறது. பிளேடின் காயத்துக்கு நேராக விரல் வைக்கும் எதிரி டிராகுலா மரபில் இல்லை, விசயாஸில் இருக்கிறது. தொடர் இதை இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கலாம் என்பது என் குறை. ஆனாலும் மார்வெல் கதைகளில் இந்தப் பொருத்தம் அபூர்வம்.

வுல்வரின் வந்து போகும் எபிசோடும் உண்டு. அதற்காக வுல்வரின் தொடரை முதலில் பார்க்க வேண்டியதில்லை. அவன் யார் என்று பொதுவாகத் தெரிந்திருந்தால் போதும்.

ஒலிக்கு வருகிறேன். முதல் முறை ஜப்பானிய ஒலியில் பாருங்கள். பிளேடுக்குக் குரல் அகியோ ஓட்சுகா. மெட்டல் கியர் விளையாட்டுகளின் ஸ்னேக், 'கோஸ்ட் இன் தி ஷெல்' தொடரின் பட்டோ எல்லாம் அவர் குரல்தான். குறைவாகப் பேசும் பாத்திரத்துக்கு, பேசாத இடத்திலும் ஆள் இருப்பதை உணர்த்தும் அடித்தொண்டைக் குரல் அது. மகோட்டோவுக்கு மாயா சகமோட்டோ. ஆங்கிலத்தில் பிளேடு ஹெரால்டு பெரினோ. அது 2012 ஜனவரியில் அமெரிக்காவில் ஜி4 சேனலில் ஓடிய பதிப்பு. அவர் குரலில் துடிப்பு அதிகம், படத்தின் பிளேடுக்கு நெருக்கமாகவும் இருக்கும். ஆனால் வரையப்பட்ட வாயசைவு ஜப்பானிய வசனத்தின் நீளத்துக்கு ஏற்றது. ஆங்கில வசனத்தை அதற்குள் அடக்கும்போது, மௌனமாக விட்டிருக்க வேண்டிய இடங்களில் வார்த்தை புகுந்துவிடும்.

சப்டைட்டிலில் ஒரு பொறி இருக்கிறது. சில வெளியீடுகளில் ஆங்கில டப்பிங்கின் வசனத்தையே சப்டைட்டிலாகப் போட்டுவிடுவார்கள். ஜப்பானிய ஒலியோடு அது ஒட்டாது. கண்டுபிடிப்பது சுலபம்: பாத்திரம் ஒரு சொல் மட்டும் சொல்லும்போது கீழே இரண்டு வரி ஓடினாலோ, யாரும் பேசாதபோது எழுத்து வந்தாலோ அது டப்பிங் வசனம். வேறு சப்டைட்டில் தடம் இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள்.

இருட்டுப் பிரச்சினை பெரும்பாலும் உங்கள் டிவியில். கருப்பு ஆள், கருப்பு கோட்டு, இரவு வானம். வரைந்தவர்கள் அவனைப் பின்னணியிலிருந்து பிரிப்பது தோள் விளிம்பில் ஓடும் மெல்லிய ஒளிக்கோட்டாலும், கருப்புக்குள் வைத்த நீல, சிவப்புச் சாயலாலும்தான். அது கெட்டுப்போனால் கோட்டும் வானமும் ஒன்றாகிவிடும். கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கம்பியில் டிவிக்கு அனுப்பினால் முதலில் ஆர்ஜிபி ரேஞ்சை, அதாவது கருப்பிலிருந்து வெள்ளை வரை எந்த எண் அளவில் அனுப்புகிறது என்ற அமைப்பைப் பாருங்கள். கணினி 0–255 முழு ரேஞ்சில் அனுப்ப, டிவி 16–235 வருகிறது என்று நினைத்தால், 16க்குக் கீழுள்ள நிழல் அத்தனையும் ஒரே கருப்பாக அமுங்கிவிடும். மாறாக நடந்தால் கருப்பு சாம்பலாகி, படம் புகை படிந்ததுபோல் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே ரேஞ்சாக வையுங்கள். அதைச் சரிசெய்யாமல் பிரைட்னஸை மட்டும் ஏற்றினால் அமுங்கிய நிழல் திரும்பி வராது, வெளுப்புதான் கூடும்.

அடுத்து, டிவியின் அசைவு மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். சோனியில் அதன் பெயர் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ். இது இரண்டு பிரேமுக்கு நடுவே தானாக ஒன்றை இட்டுக்கட்டும். மூன்று பிரேம் நிறுத்தி வைத்த ஓவியத்தில் அது திணறும். வாளின் முனை கிழிந்ததுபோலத் தெரியும், ஆளைச் சுற்றி நீர்த்திரை நெளியும். அந்த வேகக் கோடுகளுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

டிவிடிகளை உலகப் பகுதி வாரியாக எண் போட்டுப் பூட்டியிருப்பார்கள். அமெரிக்க டிவிடி கையில் இருந்தால் அது ரீஜன் 1. இந்தியாவில் விற்ற பிளேயர்கள் ரீஜன் 5க்குப் பூட்டியிருக்கும், எல்லா ரீஜனும் எடுக்கும் பிளேயர் வேண்டும். கணினியில் ஓட்டும்போது அசையும் உருவங்களின் விளிம்பில் சீப்புப் பல் போன்ற கோடுகள் வந்தால், அது 24 பிரேமை என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையின் அளவுக்கு (நொடிக்குச் சுமார் 30 பிரேம்) இழுத்ததன் விளைவு. விஎல்சி பிளேயரில், இந்தக் கோடுகளை நீக்கும் டீஇன்டர்லேஸ் முறையில் 'ஃபிலிம் என்டிஎஸ்சி' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தால் பழைய 24 பிரேம் திரும்பக் கிடைக்கும். மற்ற முறைகள் கோட்டை மறைக்கும், ஆனால் ஓவியக் கோடு மங்கும்.

பார்க்கும் வேகத்தைப் பற்றி ஒன்று. பன்னிரண்டையும் ஒரே இரவில் முடிக்க நினைக்காதீர்கள். ஊர் ஊராகப் போய் அங்குள்ள காட்டேரியை எதிர்கொள்ளும் அமைப்பு, அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும். வாரம் ஒன்றாக ஒளிபரப்பக் கட்டப்பட்டது அது. ஒரு உட்காரலில் இரண்டு, அதிகம் போனால் மூன்று. கடைசி மூன்றை மட்டும் சேர்த்துப் பாருங்கள், அங்கே கதை நிற்காமல் ஓடும்.

காமிக்ஸை எப்போது படிப்பது? அனிமேக்கு முன் 'டூம் ஆஃப் டிராகுலா' 10ஆவது இதழும், பிளேடின் பிறப்பைச் சொல்லும் 13ஆவது இதழும் (1973 அக்டோபர்) போதும். கறுப்பு வெள்ளை மறுபதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். கோலனின் நிழலும், 13ஆவது இதழில் அவர் பென்சில் ஓவியத்தின் மேல் டாம் பாமர் தீட்டிய மையும் வண்ணம் இல்லாமல்தான் முழுதாகத் தெரியும். அனிமே முடிந்த பிறகு 25ஆவது இதழில் ஹானிபல் கிங் என்ற துப்பறிவாளரைச் சந்தியுங்கள். அவரும் ஃப்ராஸ்டால் கடிபட்டு மாறியவர், ஆனால் மனிதர் ரத்தம் குடிக்க மறுப்பவர். அங்கிருந்து 48 முதல் 53 வரை போங்கள். 1977 பிப்ரவரியில் வந்த 53இல் பிளேடும் கிங்கும் சேர்ந்து ஃப்ராஸ்டை எதிர்கொள்கிறார்கள். அந்த ஃப்ராஸ்டுக்கு அனிமேயில் இல்லாத ஒரு திறமை உண்டு: அவனிடம் சிக்கியவர்களைப் போலவே இன்னொரு உருவம் முளைக்கும், அது அவன் சொல்படி நடக்கும். பிளேடுக்கும் அப்படி ஒரு இரட்டை வருகிறது.